அல்போன்சம்மாள் தேர்ந்தெடுத்த மென்பொருள்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் மருதப்பன் நடத்தும் வீட்டுப் புதுப்பிப்பு நிறுவனத்தில் அல்போன்சம்மாள் பத்தொன்பது வருடமாக அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறார். போன வருடம் பிடோக்கில் ஒரு வீட்டுக்குப் பழைய வரைபடத்தை வைத்துச் சமையலறை அலமாரி அடித்துவிட்டார்கள். அடுப்பு வைக்க இடமில்லை. திருத்திய வரைபடம் வாட்ஸ்அப்பில்தான் இருந்தது, நாற்பது படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவில் புதைந்து.

"எல்லாரும் ஒரே இடத்துல பாக்குற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் பாருங்க. நீங்க சொல்றதுதான்," என்றார் மருதப்பன்.

அல்போன்சம்மாள் அதை நம்பினார். இரண்டு மாதம் மூன்று மென்பொருள்களைச் சோதித்தார். விற்க வந்தவர்கள் பெரிய திரையில் எல்லாவற்றையும் அழகாகத்தான் காட்டினார்கள். அவரோ ஒவ்வொன்றையும் தச்சு வேலையை மேற்பார்வையிடும் முகமது யூசுப்பின் கைபேசியில் ஏற்றி, வேலை நடக்கும் வீட்டிலிருந்தே வரைபடத்தைத் திறக்கச் சொன்னார்.

"அக்கா, முதல் ரெண்டும் சுத்திக்கிட்டே இருக்கு லா. மூணாவது டக்குனு வந்துருச்சு. பழசு எது, புதுசு எதுன்னு அதுவே காட்டுது."

மூன்றாவதையே வாங்கலாம் என்று காரணங்களோடு நான்கு பக்கம் எழுதி அல்போன்சம்மாள் மருதப்பன் மேசையில் வைத்தார். பத்து நாள் அது அங்கேயே கிடந்தது. பிறகு ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு மருதப்பன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"ஒரு வருஷத்துக்கு சைன் பண்ணிட்டேன். இதுல இல்லாததே இல்ல."

எதுவென்று பார்த்தால், யூசுப் முதலில் திறக்க முடியாமல் திணறிய அதேதான்.

"நான் எழுதிக் குடுத்ததைப் படிச்சீங்களா, பாஸ்?"

"படிக்கணும். நேரம் எங்க? அடுத்த வாரம் எல்லாருக்கும் நீங்க ட்ரெய்னிங் குடுத்துருங்க."

இத்தனை வருடத்தில் அல்போன்சம்மாள் முடியாது என்று சொன்னதில்லை.

"நீங்க எடுத்தது. நீங்களே சொல்லிக் குடுங்க."

திங்கட்கிழமை மருதப்பன் எல்லோருக்கும் முன்னால் நின்றார். மென்பொருளுக்குள் நுழையவே அவருக்கு அரைமணி நேரம் ஆனது. யூசுப் கையைக் கட்டிக்கொண்டு அல்போன்சம்மாளைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் பதினொரு மணிக்கு இரண்டு வீட்டு வரைபடங்கள் வேலையாட்களுக்குப் போயாக வேண்டும். வேறு வழியில்லை.

"நகருங்க, பாஸ்," என்று எழுந்து வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார்.

இப்போது வரைபடத்தை மென்பொருளில் ஏற்றுகிறார். அதையே யூசுப்புக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறார். சரியானதைத் திறந்தாரா என்று போன் போட்டும் கேட்கிறார். வாடிக்கையாளர்கள் வந்தால் மருதப்பன், "எங்க ஆபீஸ் ஃபுல்லா டிஜிட்டல்," என்பார். அந்த நேரம் அல்போன்சம்மாள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.