ராட்டினப் பார்க்கில் எட்டாவது சீட்டு

எறால் ஏற்றுகிற வண்டியை எத்தனை பினாயில் ஊற்றிக் கழுவினாலும் எறால் வாசனை போகாது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாசனைதான் கிளம்பும். ஆஸ்பத்திரி வராந்தாவோ மீன் மார்க்கெட்டோ, அந்த மூன்றாவது வாசனை எங்கே அடித்தாலும் என் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், எனக்கோ உடனே ஒரு குஷி வந்துவிடும், கதவோரமாக இடம் பிடிக்க வேண்டும்போல் கால் பரபரக்கும். ஏழு வயதில் நான் போன முதல் சுற்றுலா அந்த வாசனையில்தான் புறப்பட்டது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது. அந்த எண்பதுகளில் எறாலுக்கு நல்ல கிராக்கி. ஏஜெண்டின் வேன் தினமும் பழவேற்காட்டுக் கரைக்கு வந்து நிற்கும், எங்கள் படகுகள் கொண்டுபோய்க் கொட்டுவதை ஐஸில் அடுக்கிப் பட்டணத்துக்கு ஏற்றிப்போகும். அதற்கு எங்கள் வாயில் "எறா வண்டி" என்று பேர். அதை ஓட்டியவர் அமீது பாய், பழவேற்காட்டுக்காரர், யாரைப் பார்த்தாலும் "இன்னா உஸ்தாத்" என்று ஆரம்பிப்பவர். அந்த வருஷம் ஏரி அள்ளிக் கொடுத்தது. நாங்கள் வேறு ஏஜெண்டிடம் போய்விடக் கூடாதே என்ற கவலையோ, உண்மையான பிரியமோ, கோடை லீவில் ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஜாலியாகச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார். எங்கே போவது என்ற பேச்சே எழவில்லை. பட்டணத்துக்குத் தெற்கே கடலோரத்தில் புதிதாக ஒரு பூங்கா வந்திருக்கிறது, அதில் பனைமரத்தைவிட உயரமான ராட்டினம் சுற்றுகிறது என்று பாய் ஒரு வருஷமாக எங்கள் காதில் ஓதிக்கொண்டிருந்தார். நாங்கள் அதற்கு "ராட்டினப் பார்க்கு" என்று பேர் வைத்தும் விட்டோம்.

எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அம்மாவுக்கு இருந்தது ஆசை இல்லை, வைராக்கியம். பன்னிரண்டு வயதில் பொன்னேரித் திருவிழாவில் அம்மா ராட்டினத்துக்கு வரிசையில் நின்றிருக்கிறாள். அவளுடைய முறை வந்து ஒரு காலைத் தூக்கிப் பெட்டியில் வைத்தபோது தாத்தா வந்து, பெரியவளாகிவிட்ட பெண்ணுக்கு ராட்டினம் ஒரு கேடா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். "அன்னிக்கே ஏறியிருந்தா எப்பவோ மறந்திருப்பேன். ஏறாததுதான் உள்ள இன்னும் சுத்திக்கினே கீது" என்பாள். புறப்படுகிற அன்று விடிவதற்கு முன்பே ஒரு பெரிய தூக்கு நிறையப் புளிச்சோறு கட்டி, இருப்பதிலேயே நல்ல சிவப்புப் புடவையை உடுத்தி, படகில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் குப்பத்தில் கட்டிக்கொண்டு வந்த பெண்களுக்குப் பிறந்த ஊர்தான் பேர். அனுப்பம்பட்டிலிருந்து வந்தவள் "அனுப்பம்பட்டா". சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்த என் அம்மா "சுண்ணாம்புக்குளத்தா". மாமியார் கூப்பிட்டாலும் அதுதான், சண்டை போட்டாலும் அதுதான். நைனா, அதாவது என் அப்பா, அந்த நீளமும் வேண்டாமென்று "இந்தா" என்பார். எனக்கு அதில் எந்த விசித்திரமும் தெரிந்ததில்லை. அம்மாவுக்குப் பேர் அம்மா, வேறென்ன!

வேனில் சீட்டுக் கிடையாது. தார்ப்பாய் விரித்து, கால்மேல் கால், மடிமேல் பிள்ளை என்று இருபத்தைந்து பேருக்கு மேல் உட்கார்ந்தோம். அனுப்பம்பட்டு ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது பின்கதவைத் திறந்து காற்று வாங்கினோம், பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து "எறா என்ன விலை?" என்று கேட்டாள். "உயிரோட கீது, விலைக்கு இல்ல" என்று என் அம்மா சொன்னதும் வண்டியே அதிர்ந்தது. அதன்பிறகு பட்டணம் தாண்டும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

பார்க்கு வாசலில் நின்ற காவல்காரர் எங்களை மோந்து பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றே டிக்கெட்டைக் கிழித்தார். உள்ளே போனால் ஆளைக் குட்டையாக்கும் கண்ணாடி, நெட்டையாக்கும் கண்ணாடி, சிமெண்ட் முதலை, தண்ணீர் பீய்ச்சும் சிமெண்ட் யானை. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குளம் கட்டி, அதில் மிதித்து ஓட்டுகிற படகு விட்டு, ஏறுகிறவர்களுக்கு மிதவைச் சட்டை வேறு மாட்டினார்கள். அதைப் பார்த்து எங்கள் ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நைனா குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, "உப்பே இல்லியே, இதுல இன்னா பொழைக்கும்?" என்று ரொம்ப அக்கறையாகத் துப்பினார்.

பிறகு ராட்டினத்தின் அடியில் போய் நின்றோம். சிரிப்பெல்லாம் நின்றுபோனது. அண்ணாந்து பார்த்தால் மேலே போகிற பெட்டி வெயிலில் மறைந்து மறுபக்கம் வெளியே வந்தது. அப்போதுதான் பாய் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே குண்டைப் போட்டார். வாசல் டிக்கெட் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்த ஏஜெண்ட், இந்தப் பெரிய ராட்டினத்துக்கு மட்டும் எட்டே டிக்கெட்தான் கொடுத்து அனுப்பியிருந்தார். தனியாக வாங்கலாமென்றால் அன்றைய டிக்கெட் தீர்ந்துவிட்டதென்று கவுண்ட்டரைச் சாத்திவிட்டார்கள்.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் அடித்துக்கொண்டிருப்பார்கள், அல்லது பெரிய மனிதர்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு நொடிகூட யோசனை இல்லை. "பாடு போட்டுறலாம்" என்றார்கள். ஏரியில் நல்ல இடம் கொஞ்சம், வலை நிறைய. அதனால் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடுவது என்று பானையில் சீட்டுப் போட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வது எங்கள் வழக்கம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். பானைக்குள் விழுவது தலைக்கட்டுப் பேர் மட்டும், அதாவது கல்யாணமான ஆண்களின் பேர் மட்டும். சீட்டை எடுப்பது சின்னப் பிள்ளை. அதில் வந்த பேரை மூன்று தரம் உரக்கக் கூப்பிட வேண்டும்; மூன்றுக்கும் ஆள் வரவில்லையென்றால் சீட்டு செல்லாது, வேறு எடுக்க வேண்டும். எங்கள் குப்பத்தில் பேர் கூப்பிடுகிற வேலை நைனாவுடையது. அந்தத் தொண்டை கடலுக்குள்ளும் கேட்கும்.

பாய் சிகரெட் அட்டையைக் கிழித்து எழுத உட்கார்ந்தார். நைனா வரிசையாகப் பேர் சொல்ல ஆரம்பித்தார், எல்லாம் ஆண்கள். அம்மா புளிச்சோற்றுத் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடியே நின்றவள், திடீரென்று, "பொம்பளைங்க பேரு?" என்றாள்.

"பாடு சீட்டுல ஏது பொம்பள பேரு?" என்றார் ஏழுமலைப் பெரியப்பா, நைனாவின் அண்ணன். "பொம்பள பேரு பானையில வுழுந்தா எறா ஓடிப்பூடும்."

"இங்க ஏதுய்யா எறா, ஓடறதுக்கு? அந்தரத்துல சுத்தறதுக்கு எதுக்கு தலைக்கட்டு? நாங்க இன்னா, வேடிக்கை பாக்கவா வெள்ளன எந்திரிச்சி சோறு கட்டிக்கினு வந்தோம்?" என்று பிடித்துக்கொண்டாள் அம்மா. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நைனா பெரியப்பாவைப் பார்த்தார், பெரியப்பா பாயைப் பார்த்தார். பாய் வெளியூர் ஜமாத்துக்காரர், அவருக்கு யார் பயம்? "நியாயம்தானே உஸ்தாத். ஜல்தி சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்" என்று அட்டையை இன்னும் கிழித்தார். பெண்கள் ஒவ்வொருவராக அவரருகே குனிந்து, வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு, தங்கள் பேரைச் சொல்லிவிட்டு வந்தார்கள். அம்மாவும் சொன்னாள். யாருக்கும் காதில் விழவில்லை.

பானைக்குப் பதில், வழியிலேயே காலியாகிவிட்ட புளிச்சோற்றுத் தூக்கு. மற்றச் சின்னதுகள் ஐஸ் குச்சிக்கு அழுதுகொண்டிருந்ததால் சீட்டெடுக்கும் வேலை எனக்கு வந்தது. அம்மா பேர் வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு கையை விட்டேன். எண்ணெயும் புளியும் விரலில் ஒட்டின. நான் எடுக்க, பாய் பிரித்து நைனா காதில் சொல்ல, நைனா கூப்பிட்டார். முதல் சீட்டு ஏழுமலைப் பெரியப்பாவுக்கே விழுந்தது. அடுத்தடுத்து ஆண்கள், நடுவில் ஒரே ஒரு பெண். அது அனுப்பம்பட்டா என்று அவள் துள்ளிக் குதித்த பிறகுதான் தெரிந்தது. ஏழு சீட்டு முடிந்தது. அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எட்டாவதை எடுத்துக் கொடுத்தேன்.

"சுந்தரவல்லி!" என்று கூப்பிட்டார் நைனா.

யாரும் அசையவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாருய்யா அது? நம்ம குப்பத்துல சுந்தரவல்லின்னு யாரு கீறா?" என்றார் பெரியப்பா. "பாய், தப்பா வேற ஊரு ஆளுங்க பேரு எதுனா எழுதிட்டியா?" என்று ஒருவர் கேட்க, பாய் தலையைக் குனிந்து சிரித்தார். அவருக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"சுந்தரவல்லி! சுந்தரவல்லி யாரும்மா, முன்னாடி வாங்க!" நைனா இரண்டாம் தரம் நாலாபக்கமும் திரும்பிக் கூப்பிட்டார். பூங்காவில் நடந்துபோன அந்நியப் பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணில் சிரிப்போடு, அசையாமல் நின்றாள். ஆனால் தூக்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. இன்னும் ஒரே ஒரு தரம். அதற்கும் வராவிட்டால் ராட்டினம் போயிற்று. தெரிந்துதான் நின்றாள், பிடிவாதக்காரி!

மூன்றாம் தரம் கூப்பிட வாயெடுத்த நைனா அப்படியே நின்றுவிட்டார். தாலி கட்டுகிற அன்று அந்தப் பேரை ஒருமுறை யாரோ படிக்கக் கேட்டிருப்பார். அது எங்கேயோ அடியிலிருந்து இப்போது மேலே வந்திருக்க வேண்டும். கடலுக்குள் கேட்கிற அந்தத் தொண்டை, பக்கத்தில் நின்ற எனக்கே லேசாகத்தான் கேட்டது. அம்மாவை நேராகப் பார்த்து, "சுந்தரவல்லி" என்றார்.

"கீறேன்" என்றாள் அம்மா.

அடேயப்பா, எழுந்த கூச்சலைச் சொல்லி முடியாது! பெரியப்பாதான் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார். அம்மா தூக்கை நைனாவின் கையில் திணித்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். மடியில் உட்காருகிற பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாமென்று ராட்டினக்காரர் விட்டுவிட்டார். பெட்டி மேலே போகப் போக அவள் நெஞ்சு அடிப்பது என் முதுகில் தெரிந்தது. உச்சியில் ஒரு கணம் நின்றது. கீழே மனிதர்கள் எறால் குஞ்சளவுக்கு இருந்தார்கள். எதிரே எங்கள் கடல்தான், ஆனால் இத்தனை கடலை நாங்கள் பார்த்ததே இல்லை. அம்மா வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு சிறுமி மாதிரி சிரித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கீழே நைனாவுக்குத்தான் உயிர் போயிற்று. அவர் பேர் சீட்டில் வரவில்லை, தூக்கும் கையுமாக அண்ணாந்து நின்று, முகத்துவாரத்து அலைக்கே அசராத மனிதர், ஊரே பார்க்க அலறினார்: "சுந்தரவல்லீ! கம்பிய புடிச்சிக்கோ! சுந்தரவல்லீ!" அங்கே "இந்தா" என்றால் நூறு பேர் திரும்புவார்கள், அவருக்கும் வேறு வழியில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்டி கீழே வரும்போது அம்மா காதில் கை வைத்து "இன்னா? கேக்கல!" என்றாள். அவர் இன்னும் பலமாகக் கத்தினார். எனக்கு நன்றாகவே கேட்டது.

ஊர் திரும்பியதும் அவர் "இந்தா"வுக்கே போய்விட்டார். ஆனால் ஒரு மாற்றம். நல்ல பாடு கிடைத்துப் படகு திரும்புகிற நாளில், தண்ணீருக்குள் தூரத்திலிருந்தே அந்தப் பேரைச் சொல்லிக் கத்துவார். கரைக்கு வந்தால் மறுபடியும் "இந்தா"தான். கிட்டத்தில் அவருக்கு வெட்கம், தூரம் இருந்தால்தான் பேர் வரும்.

போன மாதம் அந்தக் கடற்கரைச் சாலையில் காரில் போனேன். ராட்டினம் நின்ற இடம் எதுவென்று அடையாளம் தெரியவில்லை. வரிசையாக அடுக்குமாடி வீடுகள், பெரிய மதில். எறா வண்டியும் இல்லை, அமீது பாயும் இல்லை. எங்கள் குப்பத்துக் கரையில் நின்று தெற்கே பார்த்தால் இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்து விளக்குகள்தான் உயரத்தில் தெரிகின்றன. புதிதாகக் கட்டிக்கொண்டு வருகிற பெண்களை எல்லோரும் பேர் சொல்லியே கூப்பிடுகிறார்கள், அது நல்லதுதான், அதற்காக நான் ஒன்றும் அழப்போவதில்லை.

முட்டி வலிக்கு வைத்தியம் பார்க்க அம்மா இப்போது மீஞ்சூரில் என் வீட்டில் இருக்கிறாள். நைனா ஏரியை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருக்கிறார். சாயங்காலமானால் போன் வரும். போனில் கத்த வேண்டியதில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு ஏறவில்லை. நடுவில் அவ்வளவு தூரம் இருக்கிறதே! "சுந்தரவல்லீ!" என்று அவர் போடுகிற சத்தம் அடுத்த வீடுவரை கேட்கும். அம்மாவுக்குக் காது மிக நன்றாக இருக்கிறது, போன வாரம்தான் டாக்டர் பார்த்துச் சொன்னார். அவளோ போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சொல்லுவாள்: "இன்னா? கேக்கல. இன்னொரு தபா சொல்லு."