முடித்து வைக்கும் புலி

பத்தாவதோடு நின்றவன் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரில் ஒரு சபாவில் திரை இழுப்பது என் வேலை. போன நவராத்திரியில் ஒரு வயலின் டீச்சர் அங்கே கச்சேரி வைத்தார். ஆராய்ச்சிக்காரர்கள் மீட்டெடுத்த பழைய சீன அரண்மனை இசையை வருஷக்கணக்காகத் தேடிப் பிடித்து, மாணவிகளுக்குப் பழக்கியிருந்தார். அவர்கள் சாமான்களோடு ஒரு மரப்புலியும் வந்தது. முதுகு முழுக்கப் பல் பல்லாக வெட்டியிருந்தது. பொம்மை என்று நினைத்து, வாசல் கொலுவில் காலியாக இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

கடைசிப் பாட்டின்போது ஒரு மாணவி திரையோரம் வந்தாள்.

"மாமா, புலி எங்கே? டீச்சர் அது முதுகைச் சுரண்டினாத்தான் பாட்டு முடியும்!"

கேட்டுவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினாள். நான் வாசலுக்கு ஓடினேன்.

"இன்னா நைனா, கொலு பொம்மைய தூக்கிக்கினு எங்க ஓடுற?" என்று வாட்ச்மேன் சிரித்தான். புலியின் நெற்றியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

திரையோரம் வந்ததும் கால் நின்றுவிட்டது. மேடைக்குள் போனால் சபையே என்னைப் பார்க்குமே! மாணவிகள் அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். நடுமேடையிலிருந்து டீச்சர் என்னையே பார்த்தார். கடைசியில் கையை உயர்த்தி நிறுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

உள்ளே வந்தவர் திட்டவில்லை. "இவ்வளவு தேடியும் முடிக்காமலே எழுந்துட்டேனே" என்றார்.

பொம்மை என்று நினைத்ததற்கு என்னை நானே மன்னித்துவிடலாம். நாலடி நடக்காததற்கு முடியவில்லை.

மறுநாள் கொலுவில் புலி இருந்த இடத்தில் செட்டியார் பொம்மையை வைத்தார்கள்.