காய்ச்சிய ஜலம்

நான் சிறுவனாக இருந்தபோது, பவானிப்பூரில் எங்கள் சந்திலேயே தண்ணீரைக் காய்ச்சிக் குடித்த வீடு எங்களுடையது ஒன்றுதான். அந்த நல்ல வழக்கம் நான் சொன்ன ஒரு பொய்யால் வந்தது.

அப்பாவுக்கு அலிப்பூரில் சர்க்கார் உத்தியோகம். அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. மீன்காரனை விரட்டுவதிலிருந்து, மாஷிமா என்று நாங்கள் அழைத்த பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளுடன் வம்பு பேசுவதுவரை, நான்தான் அவளுக்கு வாய்.

ஒரு மத்தியானம் மாஷிமா தன் வீட்டு முற்றத்துக்கு ஒரு டாக்டரம்மாவை வரவழைத்தாள். பெண்களுக்கு வரும் வியாதிகளைப் பற்றிப் பேசப்போகிறாராம். வாசற்படி தாண்டாத அம்மா, கேட்ட உடனே புடவை மாற்றிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. மார்பில் கட்டி தட்டுப்பட்டால் மறைக்காதீர்கள். வலிக்காத கட்டிதான் ஏமாற்றும். சின்னதாக இருக்கும்போதே காட்டினால் அறுத்தெடுத்துப் பிழைக்கவைக்க வழியுண்டு. வெட்கப்பட்டுக் காத்திருந்தால் இல்லை என்றார். முற்றத்துக் கதவுக்கு வெளியே என் வகுப்புப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"டேய் மதராஸி, உங்கம்மாவுக்குச் சொல்லுடா!" என்றான் மாஷிமாவின் மகன்.

எனக்குக் காது சுட்டது. அவர்களுக்குத் தமிழ் புரியாது என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

"என்னடா சொல்றா?" என்று அம்மா என் தோளை இடித்தாள்.

"ஜலத்தைக் கொதிக்க வெச்சுக் குடிக்கணுமாம்."

"மாரைத் தொட்டுக் காட்டறாளேடா?"

"குடிச்ச ஜலம் அந்த வழியாத்தானே போறது!"

அம்மா சற்று நேரம் டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற ஒண்ணுமே சொல்லலையா? நன்னாக் கேட்டியா?"

"சொல்லலைம்மா."

அன்று சாயங்காலமே அடுப்பில் தவலை ஏறியது. மழைக்காலத்தில் காலரா வந்து சந்தில் சிலரை வாரிக்கொண்டு போனபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. "வம்சத்தையே காப்பாத்திட்டான்" என்று அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் என்னை மெச்சினார். நான் மறுக்கவில்லை.

மறு வருஷம் துர்கா பூஜை சமயத்தில் அம்மா இடது கையைத் தூக்க முடியாமல் படுத்துவிட்டாள். புடவையின் மார்புப் பக்கம் சீழ் கசிந்திருந்ததைக் கண்ட மாஷிமாதான் ஓடிப்போய் அதே டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். அப்பா ஆபீசில் இருந்தார். டாக்டரம்மா பார்த்து முடித்து, என்னை உள்ளே கூப்பிட்டு, அம்மாவிடம் வங்காளியில் கேட்டார்: அன்றைக்கு என் எதிரில்தானே உட்கார்ந்திருந்தாய், அத்தனை சொல்லியும் ஏன் வரவில்லை?

"என்னடா கேக்கறா?"

"கவலைப்படாதேங்கறா. சரியாயிடுமாம்."

"அவா சொன்னபடி ஜலத்தைக் காய்ச்சித்தான் குடிக்கறேன், ஒரு நாள்கூடத் தவறலைன்னு சொல்லு."

அதை மட்டும் ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தேன். டாக்டரம்மா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

தை பிறக்குமுன் அம்மா போய்விட்டாள்.

அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வெகுநாள் விளங்காதது வேறு. முற்றத்தில் "வேற ஒண்ணுமே சொல்லலையா" என்று அவள் கேட்டபோதே கட்டி இருந்திருக்கிறது. பெற்ற பிள்ளையிடம் அதைக் கேட்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. டாக்டரம்மா தானாகவே சொல்லிவிடமாட்டாரா என்றுதான் அவ்வளவு அவசரமாகக் கிளம்பி வந்தாள்.

நான் அவள் வேடிக்கை பார்க்க வந்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.