தாய்மாமன் ஃபிளெக்ஸ்

கோச்சடையில் எங்கள் மொட்டை மாடிக் கம்பத்தில் இருக்கும் ஒளிப்பெட்டியிலிருந்து அக்கரைக் கட்டடத்துக்கு இன்டர்நெட் ஒளியாகப் போய் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளி. தண்ணீர் ஓடாத வைகை மேல் அது மட்டும் ஓடும். புகையோ மூடுபனியோ மறித்தால், அதே கம்பத்தில் இருக்கும் ரேடியோ பெட்டி வேலையை வாங்கிக்கொள்ளும். ரெண்டு வழி, ஒரே நெட். மாட்டிவிட்டுப் போனவர் கறாராகச் சொன்னார்: ரேடியோ பெட்டி சும்மா இருப்பதுபோலத்தான் தெரியும், பிளக்கை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள்.

பிடுங்கினேன். நானேதான்.

தங்கை மகளுக்குக் காதுகுத்து. முந்தின நாள் காலை தங்கை வீட்டுக்காரர் மாடிக்கு வந்து, சீரியல் லைட்டுக்கு பிளக் பாயின்ட் தேடினார்.

"இந்தப் பொட்டி எதுக்கு மச்சான்?"

"சும்மாதான் கெடக்கு மாப்ள" என்று கழற்றிக் கொடுத்தேன்.

பிறகு ஆற்றுச் சாலையைப் பார்த்து ஃபிளெக்ஸ் கட்டினார். ஒரு முனைக் கயிற்றைப் பிடித்தவன் நான். கறுப்புக் கண்ணாடி போட்டு, தாய்மாமன் என்ற எழுத்துக்கு மேல், ஆளுயரத்துக்கு என் முகம். உள்ளுக்குள் குளிர்ந்துபோய் நின்றேன், வெட்கங்கெட்டவன். அந்த முகம் ஒளிப்பெட்டிக்கு நேர் முன்னால்.

கீழே என் மனைவி ஒரு வேலைக்கான கடைசி ஆன்லைன் நேர்காணலில் இருந்தாள். இந்த வீட்டுக்காக வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷம். மூன்று சுற்றுத் தாண்டி வந்திருந்தாள். விடிந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: இன்று மட்டும் நெட்டுக்குக் காவல் இருங்கள்.

காவல் இருந்த லட்சணம் இது. ஒளியை என் முகம் மறித்தது. ஃபிளெக்ஸ் துணியெல்லாம் ரேடியோவுக்குப் பொருட்டே இல்லை. அதன் பிளக்கோ என் காலடியில் கிடந்தது.

பேச்சு பாதியில் அறுந்து அவள் மேலே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், பிளக்கைப் பார்த்தாள், ஃபிளெக்ஸைப் பார்த்தாள். மாப்ளை சத்தமில்லாமல் படியிறங்கிவிட்டார்.

"பன்னெண்டு வருசமா இம்புட்டுப் பெருசாத்தான் முன்னாடி நின்னீங்க. இன்னைக்குத்தான் போட்டோ புடிச்சு மாட்டியிருக்கீங்க."

கயிறு அறுக்கிற பிளேடை எடுத்து என் முகத்தைச் சுற்றி வெட்டினாள். முகம் கீழே விழுந்தது. அந்த ஓட்டையில் ஆறு தெரிந்தது. நெட் வந்துவிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது நேர்காணலை முடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

நடந்ததை எழுதி அவர்களுக்கு மெயில் அனுப்பினாள். ஓட்டையில் வேறு படம் ஒட்டவா என்று மாப்ளை கேட்டதற்கு நான் கத்திய கத்தலில் தெரு திரும்பிப் பார்த்தது. அவர் என்ன செய்தார் பாவம்.

விசேஷமும் முடிந்தது. பிளக்கைச் செருகிவிட்டேன். இப்போது ரெண்டு வழியும் திறந்தே கிடக்கின்றன. அவள் நிமிஷத்துக்கொரு தரம் மெயிலைத் திறக்கிறாள். ஒவ்வொரு தரமும் நெட் நன்றாகத்தான் இருக்கிறது.