அரைச் சுற்றுப் பின்னுக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் ரபீக் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இருப்பது ஒரே அறை. பிளேன்டீ வழக்கம்போல இரண்டு கோப்பையாகத்தான் வந்தது. அவன் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். இருபது வருஷச் சிநேகிதன் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

குற்றம் என்னுடையதுதான். அவனுடைய மெசினில் குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வாழைச்சேனை வேர்க்ஷொப் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஏற்கெனவே எட்டிப் பார்த்திருக்கிறது. மறந்தவர்களுக்காக: நான் சாமான்களுக்கு வரைபடம் கீறுகிறவன், ரபீக் இரும்பு வெட்டுகிறவன். ஓட்டமாவடியிலிருந்து பாலம் தாண்டி வருவான். எங்கள் சொத்து, மேசைமேல் உட்காரும் ஒரு சின்ன மில்லிங் மெசின். சுழலும் கட்டருக்குக் கீழே, இரும்பைத் தாங்கிய தட்டு நகரும். தட்டை நகர்த்த, நாள் முழுக்கக் கைபிடியைச் சுற்ற வேண்டும். துறைமுகத்து போட் எஞ்சினைச் சுழல்தண்டோடு இணைக்கிற கப்ளிங்குகள் அதில்தான் வெட்டுப்படுகின்றன.

மூன்று மாதத்துக்கு முன் ரபீக்கின் வலது மணிக்கட்டைப் பார்த்த டொக்டர், இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் சோறு பிசையவும் இந்தக் கை உதவாது என்று சொல்லிவிட்டார். அவனுக்குத் தெரிந்த தொழிலோ இது ஒன்றுதான். துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்கிறான். எத்தனை நாளைக்கு?

அதனால்தான் சி.என்.சி. யோசனை. கைபிடியைக் கழற்றி மோட்டார் பூட்டிவிட்டால் கம்ப்யூட்டர் சொல்லும், மோட்டார் சுற்றும். ரபீக் பட்டனை அமத்தினால் போதும்.

புது மெசின் எங்கள் கைக்கு எட்டாது. இருப்பதைத்தான் மாற்ற வேண்டும். அதற்கும் ஒரே காலம்... மாரி. கடல் கொந்தளித்து போட்டெல்லாம் கரையில் கிடக்கும் அந்தச் சில கிழமைகளுக்குள் கழற்றி, பூட்டி, ஓட்டிவிட வேண்டும். ஏதும் பிழையாகிப்போனால்? கையும் இல்லாமல் மெசினும் இல்லாமல் ரபீக் என்ன செய்வான்?

சாமான் லிஸ்ட்டைக் கொழும்புக்கு அனுப்பக் கடைசி நாள் புதன்கிழமை. என் பிளான் தயார் — ஒன்பது பக்கம்! மோட்டார், பெல்ட், வயர் எல்லாம் அதில் உண்டு. தட்டை இழுக்கிற நீளமான பழைய ஸ்க்ரூவை மட்டும் அப்படியே விட்டிருந்தேன். நன்றாகத்தானே ஓடுகிறது?

திங்கட்கிழமை பின்னேரம் சும்மா ஒரு சந்தேகம். டயல் கேஜ் என்று ஒன்று இருக்கிறது. சின்ன மணிக்கூடு மாதிரி. தட்டு மயிரிழை நகர்ந்தாலும் அதன் முள் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பொருத்திவிட்டுக் கைபிடியை முன்னுக்குச் சுற்றினேன். முள் ஓடியது. பின்னுக்குச் சுற்றினேன். முள் அசையவில்லை. இன்னும் சுற்றினேன்... கைபிடி போகிறது, தட்டு நிற்கிறது! கால் மில்லிமீற்றருக்கு மேல் வெறும் ஆட்டம்.

"ரபீக், ஸ்க்ரூ தேஞ்சு போச்சு. ஆட்டம் கிடக்கு."

"என்ட மெசின்லயா?" நிமிர்ந்தான். "இத்தின வருஷத்தில நான் வெட்டின சாமான் ஒண்டு பிழையெண்டு திரும்பி வந்திருக்கா? செல்லு மச்சான். ஒண்டு?"

வந்ததில்லை. அதுதான் எனக்கும் விளங்கவில்லை.

"அப்ப உன்ட மணிக்கூடுதான் பழுது" என்று சைக்கிளை எடுத்தான்.

கேஜ் பொய் சொல்லாது. ரபீக்கும் பொய் சொல்ல மாட்டான். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? இந்த ஆட்டத்தோடு மோட்டாரைப் பூட்டினால் கப்ளிங்கின் துளை இடம் மாறும், நடுக்கடலில் எஞ்சின் உதறும். உண்மையில் பயந்துபோனேன்.

செவ்வாய் பத்து மணிக்கு அவசரமாக ஒரு கப்ளிங் வந்தது. ரபீக் பேசாமல் மெசினில் நின்றான். நான் முதல்நாள் வைத்த கேஜைக்கூட அவன் அகற்றவில்லை.

ஒவ்வொரு வெட்டுக்கும் முன் அவன் ஒன்று செய்வான். கைபிடியை அரைச் சுற்றுப் பின்னுக்குக் கிறுக்கித் திருப்புவான். "பிஸ்மில்லாஹ்" என்பான். பிறகு மெல்ல முன்னுக்கு வருவான். அவர்களுடைய சமய வழக்கமாக்கும் என்று நினைத்திருந்தேன். அதையெல்லாம் கேட்பது மரியாதையில்லை என்று இருபது வருஷமாகக் கேட்கவே இல்லை.

அன்றுதான் முள்ளைப் பார்த்தேன். தட்டு எங்கே போக வேண்டியிருந்தாலும் அவன் பின்னுக்குப் போய், எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிற்கிறான். ஆட்டம் முழுவதும் அந்த அரைச் சுற்றுக்குள் அடங்கிவிடுகிறது. முள் ஒவ்வொரு தடவையும் சரியான கோட்டில் நின்றது.

"மச்சான், அந்த அரைச் சுற்று எதுக்கு?"

"எது?" அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை.

"பின்னுக்குக் கிறுக்கி, மறுகா வாறியே..."

யோசித்தான். "பிஸ்மில்லா செல்ல ஒரு நேரம் வேணும்தானே. பழகிட்டுது."

"பிஸ்மில்லா சொல்லு. பின்னுக்குப் போகாம, ரெண்டு பக்கத்தாலயும் வந்து, கைபிடிய ஒரே கோட்டில நிப்பாட்டிக் காட்டு."

செய்தான். முள் இரண்டு இடத்தில் நின்றது. மறுபடி செய்தான். மறுபடியும் இரண்டு இடம். அவன் முகம் கறுத்துப்போனது.

"குறை மெசின்லதான்" என்றேன். "உன்ட வேலைல இல்ல."

துணி சுற்றிய மணிக்கட்டைப் பார்த்தான். "அப்ப ஒவ்வொரு வெட்டுக்கும் இந்த அரைச் சுற்று... அதாலயும்தான் கை இப்பிடிப் போச்சா?"

இருபது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஒருநாள் கேட்டிருந்தால் எப்போதோ ஸ்க்ரூவை மாற்றியிருக்கலாம். மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டு நாம் பக்கத்து மனுஷனிடம் எத்தனை கேள்விகளைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம்!

ரபீக் என் பிளானை இழுத்துப் புரட்டினான். "இந்த ஆட்டத்துக்கு என்ன செய்யிறதெண்டு எங்க எழுதியிருக்கு?"

ஒன்பது பக்கத்திலும் இல்லை.

"எழுது. நாளைக்கு லிஸ்ட் போகணும்."

இருவருமாக அளந்தோம். பழைய ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ போட முடிவாயிற்று; அதில் ஆட்டம் இருக்காது. பத்தாம் பக்கம் எழுதி முடிக்கும்போது மதிய லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ரபீக் கை கழுவிக்கொண்டு வாசலில் நின்று கேட்டான்.

"புதுசில பின்னுக்குப் போகத் தேவையில்லையா?"

"இல்ல."

"சரி. ஆனா பட்டன அமத்துறத்துக்கு முதல் பிஸ்மில்லா நான்தான் செல்லுவன். அதையும் கம்ப்யூட்டருக்குக் குடுத்திராத."