எந்த ரேக்கிலும் இடமில்லாத குழாயடிப் பாட்டு

மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கும்போது ஒரு வாசனை வரும். காய்ந்த வெயிலும் பழைய துணியும் சேர்ந்த மாதிரி... ஒரு இழை தொண்டையில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

என் முதல் சொந்தக் கேசட்டில் அந்தப் பஞ்சும் இருக்கிறது. பாட்டு நடுவில் ஒரு இருமல் கேட்கும். அது நான்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், மகள் தேவி போனில் தட்டுகிறாள். தப்பிருந்தால் அவளைக் கேளுங்கள்.

அப்போது செகந்திராபாத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் நம்ம வேலூர், ஆற்காடு பக்கத்து ஆட்கள். மீதி தெலுங்குக்காரர்கள், உருது பேசுகிறவர்கள். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் நான் மைக் பிடித்தால் பாட்டும் அப்படித்தான் இருக்கும். மூன்று பாஷையும் ஒரே வரியில். வேண்டுமென்று செய்ததில்லை... குழாயடியில் நாங்கள் பேசுவதே அப்படித்தான்.

"நீள்ளு ஒச்சாயி தங்கச்சி... ஜல்தி கொடத்த எட்துகினு வா..."

தண்ணீர் வந்துவிட்டது, சீக்கிரம் குடத்தோடு வா என்று அக்கா கூப்பிடுகிறாள். அவ்வளவுதான் பாட்டு. ஆடி முடிந்த பிறகும் காலனி முழுக்க அதையே பாடிக்கொண்டிருந்தது.

அதைக் கேள்விப்பட்டு ஒரு பெரிய கேசட் கம்பெனி கூப்பிட்டது. பேர் வேண்டாம். ஏசி ரூம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின், காதுக்கு ஹெட்போன்... மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்தார்கள்.

மேனேஜர் தெலுங்குக்காரர். டீ வரவழைத்துவிட்டுக் கேட்டார்.

"பாட்ட பாகுந்தி. கானி இதி தமிழா, தெலுகா? ஷாப்லோ ஏ ரேக்லோ பெட்டாலி?"

பாட்டு நன்றாக இருக்கிறதாம், ஆனால் கடையில் தமிழுக்கு ஒரு ரேக், தெலுங்குக்கு ஒரு ரேக், இந்திக்கு ஒரு ரேக். என் பாட்டை எதில் வைப்பது? அது அவர் கவலை.

அவர்களே ஆள் வைத்துச் சுத்தத் தெலுங்காக மாற்றினார்கள். ஒருவர் வரி வரியாகப் படிக்க, நான் காதில் வாங்கிப் பாடினேன். குழாய் போய் ஆறு வந்தது. தங்கச்சி போய்க் காதலி வந்தாள். பின்னால் புல்லாங்குழல் வேறு...

கேசட் வந்த அன்று வீட்டில் கூட்டம். எனக்கு டோலக் வாசிக்கும் யாதகிரி வந்திருந்தான், கோயில் கமிட்டி ஆட்கள் வந்திருந்தார்கள். பாட்டு ஓடுகிறது... ஒருத்தர் கையும் தாளம் போடவில்லை.

என் மனைவி சரோஜா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"யார்யா பாட்றது இது?"

"நான்தாம்மே."

"நீயா? நம்ம காலனில ஏதுயா ஆறு? கொழாயில தண்ணி வந்தாலே பெரிசு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பாட்டை என் வீட்டிலேயே அடையாளம் தெரியாமல் செய்துகொண்டு வந்திருக்கிறேன்...

அடுத்த கேசட்டுக்குக் கூப்பிட்டபோது மேனேஜரிடம் போய், இனிமேல் பாடினால் என் பேச்சில்தான் பாடுவேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஆ பாட்ட மா கம்பெனிதி. பைட பாடகூடது" என்றார். அந்தப் பாட்டு கம்பெனிக்குச் சொந்தம், வெளியே பாடக்கூடாது.

"ஆத்துப் பாட்டு உங்க்ளுது சார், நீங்களே வெச்சிக்கினு இருங்க. கொழாப் பாட்டு எங்க்ளுது."

தமிழில்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. "எவரு கொண்டாரு?" என்று சிரித்தார். யார் வாங்குவார்கள் என்று எனக்கும் தெரியாது. ஆனால் திரும்பி வந்து அந்த ஆற்றங்கரையில் நிற்பதில்லை என்று மட்டும் தெரிந்தது.

கண்ணாடி ரூமுக்கு எங்கே போவது? எங்கள் தெருமுனையில் கரீம் பாயின் மெத்தைக் கடை. மூன்று பக்கமும் கூரை வரைக்கும் மெத்தை, தலையணை. உள்ளே நின்றால் ரோட்டுச் சத்தமே வராது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போகும்போது பாய் கடையை எங்களிடம் விட்டுவிட்டு ஷட்டரை இறக்குவார்.

"ஆதா கண்டா. கானா காவ்... ரூயி கோ ஹாத் நக்கோ லகாவ்."

அரை மணி நேரம் பாடிக்கொள், பஞ்சில் மட்டும் கை வைக்காதே என்பார். நானும் யாதகிரியும் ஒரு டேப் ரெக்கார்டரும். ஃபேன் போட்டால் பஞ்சு பறக்கும், போடாவிட்டால் மூச்சு முட்டும். எத்தனையோ வெள்ளிக்கிழமை வேர்வையில் நனைந்து அந்தக் கேசட்டை முடித்தோம். இருமலை எடுக்கத் திரும்பப் பாட வேண்டும். அதற்குள் பாய் வந்து ஷட்டரைத் தட்டிவிட்டார்.

கடைகளில் ரேக் இல்லை. ஆட்டோவில் ரேக் தேவையில்லையே... ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆட்டோவில் ஏறி, போட்டுப் பார் என்று டிரைவரிடம் கேசட்டைக் கொடுத்தேன். யார் பாடியது என்று சொல்லவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருமல் வந்த இடத்தில் சிரித்தான். பாட்டு முடிந்ததும் கை தானாக ரீவைண்ட் பட்டனுக்குப் போனது.

"ஹவ் பாய்... ஏ தோ ஹமாரீச் பாத் ஹை."

ஆமாம் பாய், இது நம்ம பேச்சுதான் என்கிறான். ஆட்டோ அதற்குள் தார்நாகா வந்துவிட்டது, அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அங்கே இறங்கி, கேசட்டை அவனிடமே விட்டுவிட்டு, வீடு வரைக்கும் பாடிக்கொண்டே நடந்தேன்.

அப்புறம் ஆட்டோவுக்கு ஆட்டோ போனது. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது. வேறு கம்பெனிகளும் கூப்பிட்டன. நக்கோ, வேண்டாம் என்றுவிட்டேன்.

இப்போது தேவி கொண்டாப்பூரில் ஐடி வேலையில் இருக்கிறாள். அவள் ரூமில் ஒரு மைக், ஒரு லேப்டாப், சுவருக்கு இரண்டு போர்வை. போன ஞாயிற்றுக்கிழமை புதுப் பாட்டு ஒன்று முடித்தோம். பட்டனை அழுத்தினால் நெட்டில் ஏறி ஊரெல்லாம் போய்விடுமாம். சௌகரியம்தான்... கேட்கிறவன் முகம்தான் கண்ணாடியில் தெரிவதில்லை.

அழுத்தப் போனவள் நின்றாள்.

"நைனா, லாங்குவேஜ் கேக்குது. ஒண்ணுதான் செலக்ட் பண்ணணும். தமிழா, தெலுங்கா, ஹிந்தியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து அதே ரேக்.

"மூணும் வேணாம்னா உடாதா?"

"கடைசில அதர்ஸ்னு ஒண்ணு இருக்கு."

"அதுல யார் யார்மா இருக்காங்க?"

"தெரியாது நைனா."

"அதுலயே போடு. போய் பாத்துக்கலாம்."