மாமன் கையெழுத்துப் போட்ட அட்டை

என் கைப்பையின் உள் அறையில் ஒரு பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை இருக்கிறது. கடிதம் சேர்ந்துவிட்டது என்பதற்குச் சாட்சியாகத் தபால்காரர் திருப்பிக் கொண்டுவரும் அட்டை. ஓரம் கிழிந்து நிறம் வெளுத்துவிட்டது. வாங்கியவர் போட்ட கோணல் கையெழுத்து மட்டும் தெளிவாகத் தெரிகிறது. டீச்சர் இறந்த மறுநாள் காலை, சாவு வீட்டுக்குப் போகும் நெய்யாற்றின்கரை பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு முறை ஜிப்பைத் திறந்து அதைப் பார்த்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு மாணவர்களின் பொறுப்பு முழுவதும் அவரிடம் இருந்தது. பதவிப் பெயர் டீன். யார் எதைப் படிப்பது, யார் தேர்வு எழுதுவது, யார் நடுவில் நின்றுபோனார்கள், ஏன் நின்றார்கள், எல்லாம் அவர் மேசைக்கு வரும். ஆனால் எங்களுக்கு அவர் டீச்சர்தான். நான் அவர் அலுவலகத்தில் உதவியாளர். மற்றவர்களிடம் மலையாளம் பேசுவார். நான் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பிறந்து, இந்தப் பக்கம் கொல்லயிலில் வாக்கப்பட்டவள் என்று தெரிந்த நாள் முதல் என்னிடம் தமிழ். வருகை குறைந்தவர்களின் பட்டியல் தேர்வுக்கு முன் போர்டில் ஏறும். பெயர் வந்துவிட்டால் தேர்வு எழுத முடியாது. தக்க காரணத்தோடு மனுக் கொடுத்தால் மன்னிப்பு கிடைக்கும், அதற்கு ஒரு கெடு உண்டு. டீச்சர் இதில் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நாங்கள் வாயால் பேசியிருக்க வேண்டும். “கடுதாசி போச்சுன்னு எங்கிட்ட சொல்லாத மக்கா. ஆளுகிட்ட பேசினியா, அதச் சொல்லு. பொறவாக்கும் நான் ஒப்பு போடுவேன்” என்பார். ஒப்பு என்றால் எங்கள் பக்கத்தில் கையெழுத்து. மற்ற பிரிவுகளில் இதைக் கேலி பேசினார்கள். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான்.

ஒரு வருடம் அந்தப் பட்டியலில் ஒரு பெண் இருந்தாள். விலாசம் பாறசாலையில் ஒரு வீடு. விண்ணப்பத்தைப் பார்த்ததுமே அது இரவல் விலாசம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தகப்பன் பெயர் ஒன்று, வீட்டுக்காரர் பெயர் வேறு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை இந்தப் பக்கத்து மாமன் வீட்டு விலாசத்தில் கல்லூரியில் சேர்ப்பது எங்களுக்குள் சாதாரணம். நானே என் அத்தை வீட்டு விலாசத்தில் படித்துப் பட்டம் வாங்கியவள். என் பேருக்கு வந்த கடிதங்கள் அங்கே மாதக்கணக்கில் அலமாரி மேல் கிடந்ததும் எனக்குத் தெரியும். அந்த அலுவலகத்தில் இது வேறு யாருக்குத் தெரியாமல் போனாலும் எனக்குத் தெரியாமல் போக வழியில்லை.

போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தது. மூன்று நாளும் அப்படியே. பாறசாலை என் பஸ் போகிற வழி; அங்கே இறங்கி விசாரித்தால் அவள் வீடு அரை மணி நேரத்தில் போய்விடும் தூரம். போகவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை, சோம்பல். பதிவுத் தபால் அனுப்பினேன், அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“பேசினியா?”

“பேசியாச்சு டீச்சர்.”

வாய் கூசவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

தேர்வு நாள் காலை அந்தப் பெண் தகப்பனோடு வந்து நின்றாள். அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்ததற்கான மருத்துவச் சான்று கையில் இருந்தது. கெடுவுக்குள் கொடுத்திருந்தால் மன்னிப்பு நிச்சயம். ஏதோ கல்யாணத்துக்கு முறையாக அழைக்கவில்லை என்று அவள் அப்பனோடு பாறசாலை மாமனுக்குப் பேச்சு வார்த்தை இல்லையாம்; கடிதத்தை வாங்கி ஒப்புப் போட்டவர் மூச்சு விடவில்லை. “எங்கிட்ட ஆரும் ஒண்ணும் சொல்லல்ல டீச்சர்” என்றாள். டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன். பிறகு அந்தத் தகப்பனிடம், “தப்பு எனக்காக்கும். நானாக்கும் ஒப்பு போட்டது” என்றார். துணைவேந்தர் அறைக்குப் போய் நெடுநேரம் மன்றாடினார். அங்கே கையை விரித்துவிட்டார்கள். ஒரு பருவத் தேர்வுதான், மறுவருடம் எழுதலாம். ஆனால் தகப்பன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

டீச்சர் அதற்குப் பிறகும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு மெமோ கொடுத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். வருடா வருடம் சேர்க்கை தொடங்கும்போது ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்வருவார் என்று மட்டும் தெரியும். மறுநாள் என்னிடம் “அவ படிக்க வரல்ல” என்பார், அவ்வளவுதான். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோப்பை நீட்டுவேன். என்னத்தைச் சொல்ல! ஏதோ ஒன்று எனக்குள் அப்போதே மரத்துப்போயிருந்தது. அட்டையைக் கோப்பிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டதுதான் நான் செய்த ஒரே காரியம். அவர் ஓய்வு பெறும் நாளில் கொடுத்து உண்மையைச் சொல்ல நினைத்தேன். அன்று பூங்கொத்துக் கொடுத்தேன்.

டீச்சர் வீட்டின் தென்புறத்தில் சிதை அடுக்கியிருந்தார்கள். பெண்கள் முற்றத்தில் நின்றோம். நல்ல வெயில். யாரோ தோளைத் தொட்டார்கள்.

“அக்கா, என்ன ஓர்மை உண்டா?”

அவள்தான். விரல் நுனிகளில் முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த கறை. அட்டை என் கையிலிருந்த பைக்குள் இருந்தது.

“டீச்சர் ஒவ்வொரு வருசமும் வருவாவ அக்கா. முற்றத்தில நின்னு அப்பாகிட்ட மன்னிப்பு கேப்பாவ. அப்பா உள்ள கூப்பிடவே இல்ல. குடிக்க ஒரு கிளாஸ் வெள்ளம் நாங்க கொடுக்கல்ல.”

இப்போது சொல்லிவிடலாம். பேசியாச்சு என்று பொய் சொன்னவள் நான் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “என்ன அக்கா, தலை சுத்துதா?” என்று தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினாள்.

“வெள்ளம் குடியுங்க அக்கா.”

வாங்கி முழுவதும் குடித்தேன். வெறும் பாட்டிலை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு ஜிப்பைத் திறந்து பார்த்தேன். அட்டை அங்கேயே இருந்தது.